பாட்டிலில் பீருக்கு வாயு ஏற்ற எந்தச் சர்க்கரை?

நொதித்து முடிந்த பீரை அப்படியே கிளாஸில் ஊற்றினால் சப்பென்று இருக்கும். நொதிக்கும்போது உண்டான கரியமில வாயுவில் பெரும்பகுதி வெளியே போய்விட்டது. பாட்டிலில் அடைக்கும் முன் கொஞ்சம் சர்க்கரை சேர்த்தால், பீரில் மிதந்துகொண்டிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று மறுபடி வாயு விடும். மூடி இறுக்கமாக இருப்பதால் வாயு போக வழியில்லாமல் பீரிலேயே கரையும். வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களில் கெக் எனும் உலோகப் பீப்பாயும் வாயு சிலிண்டரும் இல்லாதவர்கள் எல்லாரும் செய்வது இதுதான்.

எந்தச் சர்க்கரை என்று கேட்டால் என் பதில் சமையலறையில் இருக்கும் வெள்ளைச் சீனி. டெக்ஸ்ட்ரோஸ் (அதாவது குளுக்கோஸ்), தேன், மேப்பிள் பாகு, மால்ட் (முளைகட்டிய தானியம்) பவுடர், கருப்பட்டி எல்லாவற்றாலும் வாயு ஏற்றலாம். ஆனால் இந்த வேலைக்குச் சர்க்கரையின் ருசி முக்கியமில்லை, எத்தனை கிராம் போட்டால் எவ்வளவு வாயு வரும் என்று முன்கூட்டியே தெரிவதுதான் முக்கியம். அதில் சீனியை மிஞ்ச ஒன்றுமில்லை. (இங்கே ‘சர்க்கரை’ என்று எழுதுவது ஈஸ்ட் தின்னக்கூடிய இனிப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து. ‘சீனி’ என்றால் வெள்ளைச் சீனி மட்டும்.)

தொடங்கும் முன் ஒரு விஷயம். தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டப்படி குற்றம். பிரிட்டனில் 1963 முதல் சொந்தக் குடிக்கு உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978-ல் வந்த கூட்டாட்சிச் சட்டம் வழிவிட்டது. சிங்கப்பூரில் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் என்ற வரம்போடு அனுமதி உண்டு. கீழே இருப்பது அப்படி அனுமதியுள்ள ஊர்களில் இருப்பவர்களுக்கு.

முதலில் கணக்கு

பீரில் கரைந்த வாயுவை ‘வால்யூம்’ என்ற அளவில் சொல்வார்கள். ஒரு லிட்டர் பீரில் ஒரு லிட்டர் கரியமில வாயு கரைந்திருந்தால் ஒரு வால்யூம், எடையில் கிட்டத்தட்ட 1.96 கிராம். ஆங்கிலேயர்களின் பிட்டர் வகைக்கு 1.5 முதல் 2 போதும். பேல் ஏலுக்கு 2.2 முதல் 2.6. ஜெர்மன் கோதுமை பீரான ஹெஃபெவைசனுக்கு 3.3-க்கு மேல், சிலர் 4 வரை போவார்கள்.

நொதித்து முடிந்த பீரில் ஏற்கெனவே கொஞ்சம் வாயு தங்கியிருக்கும். 10 டிகிரியில் 1.2 வால்யூம், 15-ல் 1.0, 20-ல் 0.86, 25-ல் 0.76, 28-ல் 0.72. நமக்கு வேண்டிய அளவிலிருந்து இதைக் கழித்தால் சர்க்கரையால் வர வேண்டிய பங்கு கிடைக்கும்.

இங்கே எந்த வெப்பநிலையைப் போடுவது என்பதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பீரைத் தெளியவைக்க இரண்டு மூன்று நாள் ஃபிரிட்ஜில் 2 டிகிரியில் வைத்திருப்பார்கள். பாட்டிலில் அடைக்கும் அன்று, சர்க்கரை அளவு சொல்லும் இணையக் கால்குலேட்டரில் 2 டிகிரி என்று போட்டால், 1.6 வால்யூம் ஏற்கெனவே இருக்கிறது என்று அது சொல்லும். அது தப்பு. குளிர்ந்த பீருக்கு அதிக வாயுவைப் பிடித்துவைக்கும் திறன் உண்டு, சரிதான். ஆனால் நொதித்தல் முடிந்த பிறகு புது வாயு எங்கிருந்து வரும்? 20 டிகிரியில் வெளியேறியது போனதுதான். ஆகவே, நொதித்தல் முடிந்த பிறகு பீர் தொட்ட உச்ச வெப்பநிலையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். குளிரில் நொதிக்கும் லாகர் வகை பீரை 10 டிகிரியில் நொதிக்கவிட்டுக் கடைசியில் 18 டிகிரிக்கு ஏற்றியிருந்தால் கணக்குக்கு 18 டிகிரி, அதாவது 0.92.

வேதியியல்படி ஒரு கிராம் சீனி முழுவதும் நொதித்தால் 0.514 கிராம் கரியமில வாயு. அப்படிப் பார்த்தால் ஒரு லிட்டரில் ஒரு வால்யூம் ஏற்ற 3.8 கிராம் சீனி போதும். ஈஸ்ட் தன் வளர்ச்சிக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், பாட்டில் கழுத்தின் வெற்றிடத்துக்கும் கொஞ்சம் போகும். அதனால் 4 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம்.

20 லிட்டர் பேல் ஏல், 20 டிகிரி, 2.4 வால்யூம் வேண்டும் என்றால்: 2.4-லிருந்து 0.86 கழித்தால் 1.54. அதை 4-ஆல் பெருக்கி, 20-ஆல் பெருக்கினால் 123 கிராம் சீனி. இதே பீருக்கு 2 டிகிரி என்று தவறாகப் போட்டால் 64 கிராம்தான் வரும், பாதிக்குப் பாதி. பீர் சோர்ந்துபோய்க் கிடப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். அதே 20 லிட்டர், அதே 20 டிகிரி, 1.8 வால்யூம் பிட்டருக்கு 75 கிராம். 3.5 வால்யூம் கோதுமை பீருக்கு 211 கிராம். சிங்கப்பூர் மாதிரி 28 டிகிரி அறையில் நொதித்த பேல் ஏலுக்கு 134 கிராம்.

லிட்டர் என்று இங்கே சொல்வது பாட்டிலுக்குள் போகப்போகும் லிட்டர். 23 லிட்டர் கிட் (பீர் காய்ச்சத் தேவையானதெல்லாம் சேர்த்து விற்கும் பெட்டி) என்றாலும் அடியில் வண்டலோடு இரண்டு மூன்று லிட்டர் நின்றுவிடும். 23-க்குக் கணக்குப் போட்டு 20-ல் கலந்தால் 15 சதவீதம் கூடுதல்.

சர்க்கரை வகைகள்

வெள்ளைச் சீனி கிட்டத்தட்ட முழுக்க சுக்ரோஸ். ஈஸ்ட் அதை இன்வெர்டேஸ் என்ற நொதியால் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைத்துத்தான் உள்ளே இழுக்கும். இந்த ஒரு படி அதிகம் என்பதால் சீனி மெதுவாக வேலை செய்யும் என்று சொல்வதுண்டு. பாட்டிலில் காத்திருக்கும் இரண்டு வாரத்தில் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. சீனி போட்டால் சைடர் (ஆப்பிள் மது) வாடை வரும் என்பது இன்னொரு பேச்சு. மால்ட் குறைவாகவும் சீனி கிலோக் கணக்கிலும் போட்டு, பழைய ஈஸ்ட்டால் நொதிக்கவிட்ட மலிவு கிட்களோடு வந்த பேச்சு அது. லிட்டருக்கு 6 கிராம் சீனிக்கு அந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது. இந்த அளவு சீனி ஆல்கஹாலை 0.4 சதவீதம் அளவுக்குக் கூட்டும், அவ்வளவுதான்.

கடையில் ‘பிரைமிங் சுகர்’, ‘கார்ன் சுகர்’ என்று விற்பது டெக்ஸ்ட்ரோஸ் மோனோஹைட்ரேட். பெயரிலேயே நீர் இருக்கிறது. எடையில் 9 சதவீதம் தண்ணீர். அதனால் லிட்டருக்கு ஒரு வால்யூம் ஏற்ற 4 கிராம் சீனிக்குப் பதில் 4.6 கிராம் வேண்டும். மேலே சொன்ன பேல் ஏலுக்கு 142 கிராம். நல்ல பொருள்தான், சட்டென்று கரையும். விலை மட்டும் கூட. சீனிக்குப் போட்ட கணக்கில் டெக்ஸ்ட்ரோஸும், டெக்ஸ்ட்ரோஸ் கணக்கில் சீனியும் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பவுடர்களில் ஆரஞ்சு வாசனை, சிட்ரிக் அமிலம், தாது உப்பு என்று பலதும் கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பெல்ஜியப் பாறை கேண்டி என்று விலை கூட்டி விற்கும் வெள்ளைக் கட்டியை நாம் கற்கண்டு என்போம். அதுவும் சுக்ரோஸ்தான். வாயு ஏற்ற அதற்குத் தனிச் சக்தி எதுவும் கிடையாது.

உலர் மால்ட் பவுடர் ‘முழு மால்ட் பீர்’ என்ற திருப்திக்காகச் சேர்ப்பது. அதில் ஈஸ்ட்டால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின் இருப்பதால் வால்யூமுக்கு லிட்டருக்கு 6 கிராம் வரை வேண்டும். எந்த நிறுவனத்தின் மால்ட், எந்த ஈஸ்ட் என்பதைப் பொறுத்து அதுவும் மாறும். கொதிக்கவைத்தால் புரதம் திரிந்து நுரைக்கும், பாட்டில் கழுத்தில் வளையமாக ஒட்டும். அந்த வளையத்தைப் பார்த்துக் கிருமித் தொற்று என்று பயப்படுகிறவர்களும் உண்டு. இத்தனை தொல்லைக்கு ருசியில் ஒரு பலனும் இல்லை.

தேனில் ஐந்தில் ஒரு பங்கு வரை தண்ணீர். எடையில் சீனியைப்போல 1.35 மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். தேனுக்குத் தேன் நீர்ப்பதம் மாறுவதால் துல்லியம் கிடைக்காது. கனடாவில் எளிதாகக் கிடைக்கும் மேப்பிள் பாகில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை, அதுவும் பெரும்பாலும் சுக்ரோஸ். எனவே 1.5 மடங்கு.

கருப்பட்டி, வெல்லம் போட்டால் நம்ம மண் ருசி வருமா என்ற ஆசை இயல்பானது. இந்த இடத்தில் வராது. லிட்டருக்கு ஆறேழு கிராம், அதன் இனிப்பை ஈஸ்ட் தின்றுவிடும். மிச்சமிருக்கும் வாசனை, ஸ்டவுட் எனும் கரிய பீரின் வறுத்த மால்ட்டுக்கு முன்னால் நிற்காது. வெல்லத்துக்கு வெல்லம் சுக்ரோஸ் அளவும் ஈரமும் வேறுபடும், கரையாத தூசியும் இருக்கும். பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள், அதில் கொஞ்சம் கருப்பட்டியிலும் வந்து சேரலாம். கருப்பட்டி ருசி வேண்டும் என்றால் 20 லிட்டருக்கு 300 முதல் 500 கிராம் வரை வோர்ட் (நொதிக்கும் முன் உள்ள இனிப்பு மால்ட் சாறு) கொதித்து முடியும் சமயத்தில் கரைத்து வடிகட்டிச் சேருங்கள். முதல் நொதித்தலிலேயே அதன் சர்க்கரை தீர்ந்துவிடும், வாசனை நிற்கும். பாட்டிலுக்குச் சீனியே போடுங்கள்.

போடவே கூடாதவை: லாக்டோஸை பீர் ஈஸ்ட்டால் தின்ன முடியாது. மால்டோடெக்ஸ்ட்ரினும் அப்படித்தான். ஸ்டீவியா, சுக்ரலோஸ் வாயு தராது. ஐசிங் சீனியில் ஸ்டார்ச் கலந்திருக்கும்.

ஜெர்மனி கதை வேறு. 1516-ல் பவேரியாவில் வந்த தூய்மைச் சட்டத்தின் மரபில், பவேரிய பீரில் இன்றும் சீனிக்கு இடமில்லை. அங்கே கோதுமை பீருக்கு ‘ஷ்பைஸ’ சேர்ப்பார்கள், அதாவது நொதிக்காமல் எடுத்துவைத்த அதே வோர்ட். அடர்த்தி 1.048 உள்ள வோர்ட்டில் லிட்டருக்குச் சுமார் 80 கிராம் நொதிக்கும் சர்க்கரை இருக்கும். ஆகவே ஒரு லிட்டர் பீரில் ஒரு வால்யூம் ஏற்ற 50 மில்லி வோர்ட். 20 டிகிரியில் 3.5 வால்யூமுக்கு லிட்டருக்கு 130 மில்லி. அழகான முறை, ஆனால் வோர்ட்டைப் பத்திரப்படுத்துவதில் ஆபத்து இருக்கிறது. காற்றுப் புகாத ஜாடியில் அறை வெப்பத்தில் வைத்தால் உணவை நஞ்சாக்கும் பாட்டுலிசம் கிருமி வளர ஏற்ற இடம் அது. வோர்ட்டில் அதைத் தடுக்கும் அளவு அமிலம் இல்லை, சாதாரணக் கொதியில் அதன் வித்துகள் சாகாது. ஃபிரீஸரில் வையுங்கள், எடுத்த பிறகு கொதிக்கவைத்துச் சேருங்கள்.

அடைக்கும் முன் பார்க்க வேண்டியது

சர்க்கரைத் தேர்வைவிடப் பெரியது, பீர் உண்மையிலேயே நொதித்து முடிந்ததா என்பது. ஏர்லாக்கில் (நொதிக்கும் பாத்திரத்தின் வாயு வெளியேறும் அடைப்பில்) குமிழி நின்றதை நம்பாதீர்கள். அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரில் மூன்று நாள் இடைவெளியில் ஒரே அளவு காட்ட வேண்டும். அடர்த்தி ஒரு புள்ளி, அதாவது 0.001 இறங்கினால் கிட்டத்தட்ட அரை வால்யூம் வாயு. இன்னும் நான்கு புள்ளி இறங்க வேண்டிய பீரை அடைத்தால் இரண்டு வால்யூம் கூடுதலாக ஏறும். 2.4-க்குப் போட்ட சீனியோடு சேர்த்தால் 4.4. சாதாரண பாட்டில் அதைத் தாங்காது.

நின்றுவிட்டது என்று தோன்றிய அடர்த்தி பிறகு இறங்க மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, டயஸ்டாட்டிகஸ் வகை ஈஸ்ட். சைசோன் பீருக்கான ஈஸ்ட்டுகளில் பல இந்த வகை. மற்ற ஈஸ்ட் தொடாத டெக்ஸ்ட்ரினை இது மெதுவாக உடைத்துத் தின்னும். இரண்டு, நொதித்த பிறகு, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களை அதிகம் போட்டால், ஹாப்ஸிலுள்ள நொதிகள் டெக்ஸ்ட்ரினை உடைத்து ஈஸ்ட்டுக்குப் புதுத் தீனி தரும். மூன்று, பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட். பெல்ஜியத்தின் ஓர்வால் மதுபான ஆலை இதைப் பாட்டிலிலேயே சேர்க்கிறது. அவர்களுக்கு அது கணக்கில் உள்ள விஷயம். வீட்டில் இதை முயல்கிறவர்கள் அடர்த்தி நன்றாக இறங்கி மாதக்கணக்கில் அசையாமல் நின்ற பிறகே அடைக்க வேண்டும், அதுவும் தடித்த பாட்டிலில்.

பாட்டில் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். 2.4 வால்யூம் பீர் 20 டிகிரியில் வெளிக்காற்றைவிடச் சுமார் 1.8 பார் அதிக அழுத்தம் தரும். அதே பாட்டில் 35 டிகிரி வெயில் அறையில் 3 பார் தரும். சாதாரண பீர் பாட்டிலுக்கு 3 வால்யூமை எல்லையாக வையுங்கள். அதற்கு மேல் தடித்த பெல்ஜிய பாட்டிலோ ஷாம்பெய்ன் பாட்டிலோதான். திருகு மூடிக் கண்ணாடி பாட்டில், ஜாம் ஜாடி, அலங்காரச் சதுர பாட்டில் எதுவும் கூடாது.

கலக்கும் முறை

கிராம் தராசில் நிறுங்கள். கப், டம்ளர் கணக்கு இங்கே உதவாது. ஒரு கப் சீனி சுமார் 200 கிராம், அதே கப்பில் டெக்ஸ்ட்ரோஸ் அதைவிடக் கணிசமாகக் குறையும். 20 லிட்டருக்கான 123 கிராம் சீனியை 300 மில்லி தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். இது கிருமி போகவும், சீனி முழுதாகக் கரையவும். மூடிவைத்து ஆறவிடுங்கள். சானிடைசரில் அலசிய பாட்டிலிங் பக்கெட்டில் பாகை முதலில் ஊற்றி, அதன்மேல் சைஃபன் குழாய் வழியாக பீரை இறக்குங்கள். குழாயின் முனை அடியில் கிடக்கட்டும். பீர் சுழன்று நிறையும்போது பாகு தானே கலக்கும். அதை மட்டும் நம்பாமல், அலசிய நீளக் கரண்டியால் மெதுவாக நாலைந்து சுற்றுக் கிளறுங்கள். தளும்பினால் ஆக்ஸிஜன் சேர்ந்து, சில வாரத்தில் பீர் ஈர அட்டை வாடை அடிக்கும். சரியாகக் கலக்காவிட்டால் சில பாட்டில் சப்பென்றும் சில பாட்டில் பொங்கியும் வரும்.

பாட்டில் பாட்டிலாகப் போடவும் வழி உண்டு. கூப்பர்ஸ் நிறுவனத்தின் மிட்டாய் மாதிரியான வில்லைகள் 375 மில்லிக்கு ஒன்று, 750-க்கு இரண்டு. சுலபம், ஆனால் எல்லா பீருக்கும் ஒரே அளவு, 330 மில்லி பாட்டிலுக்குப் பொருந்தவும் பொருந்தாது. அதைவிட நல்லது சிரிஞ்சு. 100 கிராம் சீனியைக் கொதிக்கவைத்து, ஆறிய பிறகு கொதித்தாறிய நீர் சேர்த்து மொத்தம் 500 மில்லி ஆக்குங்கள். 10 மில்லியில் 2 கிராம் சீனி இருக்கும். நம் பேல் ஏலுக்கு 330 மில்லி பாட்டிலுக்கு 10 மில்லி, 500-க்கு 15 மில்லி. நாலைந்து லிட்டர் மட்டும் காய்ச்சுகிறவர்களுக்கு இதுவே சிறந்த வழி. உலர்ந்த சீனியை நிரப்பிய பாட்டிலில் கொட்டாதீர்கள், பீர் பொங்கி மேசையெல்லாம் ஓடும்.

கழுத்தில் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் இடம் விட்டு மூடியை அழுத்துங்கள். 9 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பீருக்கும், மாதக்கணக்கில் குளிரில் கிடந்த லாகருக்கும் புது ஈஸ்ட் கொஞ்சம் வேண்டும். லாலமாண்ட் நிறுவனத்தின் சிபிசி-1 ஈஸ்ட் இதற்கென்றே உள்ளது, 20 லிட்டருக்கு 2 கிராம். வெதுவெதுப்பான நீரில் கரைத்துப் பாகோடு சேர்த்துவிடலாம், பாகு ஆறியிருக்க வேண்டும்.

20 முதல் 22 டிகிரியில் இரண்டு, மூன்று வாரம் இருட்டில் வையுங்கள். 28 டிகிரி ஊரில் பத்து நாளில் முடிந்துவிடும். ஒரே ஒரு பாட்டில் அளவு பீரை மட்டும் சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்துவைத்தால் விரலால் அழுத்தியே நிலைமை தெரியும். கல் மாதிரி இறுகியதும் ஒன்றை ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைத்துத் திறங்கள். அரை மணி நேரம் குளிரவைத்துத் திறந்தால் கழுத்தில் நிற்கும் வாயு பீருக்குள் இறங்கியிருக்காது. புஸ்ஸென்று சத்தம் வந்தும் பீர் சப்பென்றிருக்கும்.

தவறினால்

திறந்ததும் பீய்ச்சியடித்தால் மற்ற பாட்டில்களை அசைக்காமல் ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், பாட்டில்கள் மேல் கனத்த துண்டைப் போர்த்திவிட்டுத் தூக்குங்கள். நன்றாகக் குளிர்ந்த பிறகு மூடியை நெம்பி வாயு விட்டு, புது மூடி போடலாம். எல்லா பாட்டிலும் முதல் மாதம் நன்றாக இருந்து மூன்றாவது மாதம் பொங்கினால் சீனியைக் குறை சொல்லாதீர்கள். காட்டு ஈஸ்ட்டோ, டயஸ்டாட்டிகஸோ நுழைந்திருக்கிறது. குழாய், பக்கெட்டின் திருகு வால்வு ஆகியவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பழைய பிளாஸ்டிக் குழாயைத் தூக்கிப்போடுவதே நல்லது.

மூன்று வாரமாகியும் வாயு ஏறாவிட்டால் உடனே கூடுதல் சீனி போடக்கூடாது. முதலில் அறையின் குளிரைப் பாருங்கள். 15 டிகிரியில் பல ஏல் ஈஸ்ட்டுகள் தூங்கிவிடும். பாட்டில்களைத் தலைகீழாக மெதுவாகச் சாய்த்து அடியிலுள்ள ஈஸ்ட்டைக் கலக்கிவிட்டு, 22 டிகிரியில் இன்னும் பத்து நாள் வையுங்கள். அப்போதும் அசையாவிட்டால் ஒன்றைத் திறந்து ருசி பாருங்கள். இனிப்பு தெரிந்தால் சீனி தின்னப்படாமல் அப்படியே இருக்கிறது, ஈஸ்ட் இல்லை என்று அர்த்தம். சிபிசி-1 கரைசலைப் பாட்டிலுக்கு ஓரிரு சொட்டு விட்டு மூடுங்கள். இனிப்பே இல்லையென்றால் மூடியில் கசிவு, அல்லது சீனி விட்டுப்போயிருக்கிறது. மூடி அழுத்தும் கருவியைச் சோதித்த பிறகு, சிரிஞ்சால் அளந்து பாகு விட்டு, புது மூடி போடுங்கள்.